இரும்பில்லாத மரம்

என்னுடைய மனுசன் வீரபாகு ஆகாயத்தில் பறக்கிற பிளேன் செய்கிறார். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். எங்கள் ஊர் தண்ணீரூற்றுச் சனம் சிரித்து ஓய்ந்துவிட்டது. அவர் உழவு மெசின் திருத்துகிற கொட்டிலுக்குள், ஒரு ஆள் மட்டும் இருக்கக்கூடிய கூடு நிற்கிறது. இரண்டு பக்கமும் விரிகிற செட்டைதான் இன்னும் இல்லை. செட்டைக்குள்ளே முழு நீளத்துக்கும் ஓடுகிற மரந்தான் ஆளைத் தாங்குமாம். அது பாரமில்லாமல், முடிச்சில்லாமல், நேரான நாரோடு இருக்க வேண்டுமாம்.

அதற்காக மனுசன் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பாலை பாரம், வேம்பு முறுக்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் கனகராயன்குளத்திலிருந்து ஒரு மலைவேம்புக் குற்றியை ஏற்றி வந்தார். மரம் அறுத்து விற்கிற மரக்காலைக்கார மீராசாகிபு நானா அதை அறுக்கத் தொடங்கியதுமே வாளின் பல் பறந்தது. உள்ளே ஷெல் துண்டு. எங்கள் பக்கத்தில் சண்டைக்கு முந்திய மரம் எதிலும் நம்பி வாள் வைக்க ஏலாது. இரும்பு போன இடத்தில் நார் அறுந்திருக்கும். அதை நம்பி மேலே பறக்கவும் ஏலாது.

பிறகுதான் அவருடைய கண் எங்கள் வீட்டு வளவு மூலையில் நிற்கிற மலைவேம்பில் விழுந்தது. சண்டை முடிந்து திரும்பி வந்த வருசம், சுரேகாவைப் புதைத்த இடத்தில் நான் வைத்த மரம். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். ஷெல் விழுந்த அன்று அவசரம் அவசரமாக அந்த மூலையில் தாட்டுவிட்டு ஓடினோம். அவளுக்கென்று ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

"கிபிர்ப் பிளேனின்ர சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு பங்கருக்குள்ள ஓடினவள். அவளின்ர மரத்திலயோ பிளேன் செய்யப்போறியள்?" என்று கேட்டேன்.

அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "குண்டு போடாத பிளேன் ஒண்டையும் அவள் காணேல்லை," என்றார்.

கொஞ்ச நாள் போனது. பிறகு நானே "வெட்டுங்கோ" என்றேன். மனம் மாறி அல்ல. அந்த மனுசன் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

வாளின் பல் போன எரிச்சலில் நானா இந்தமுறை இரும்பைக் கண்டால் கத்துகிற மெசினோடு வந்தார். மரத்தில் மேலிருந்து கீழாகப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு சத்தமும் இல்லை.

"சுத்தமான மரம், வீரபாகு," என்றார்.

எத்தனையோ வருசத்துக்குப் பிறகு என் மனுசனின் முகத்தில் சிரிப்பு வந்தது. அடியோடு அறுத்தால்தான் செட்டைக்கு நீளம் காணும் என்று நானா மெசினை மண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். அது கீச்சிட்டது.

"அடியில இரும்பு கிடக்கு, தங்கச்சி. கிண்டி எடுத்துப்போட்டு வெட்டுவம்."

பிள்ளையின் வயிற்றுக்குள் போன துண்டை எடுக்க அன்று ஒரு டொக்டரும் இருக்கவில்லை. அதோடுதான் தாட்டோம். வீரபாகு மரத்தைப் பிடித்தபடி நிலத்தில் குந்திவிட்டார்.

நானா மெசினை நிறுத்தப் போனார்.

"நிப்பாட்டாதேங்கோ நானா," என்றேன். "இன்னொருக்காப் பிடியுங்கோ."

அவர் பிடித்தார். நான் பிள்ளை கிடக்கிற மண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தேன். அது விட்டு விட்டுக் கத்தியது.