செல்லமுத்துவுக்குத் தெரிந்த பூ

செல்லமுத்துவின் கண்ணுக்குச் சிவப்பு எட்டாது என்பது கல்யாணமாகி ஒன்பதாம் வருடம்தான் அம்சவேணிக்குத் தெரிய வந்தது. அன்று அவளுக்குக் காய்ச்சல். சாமி படத்துக்குப் பூப் பறித்து வரும்படி அவனை அனுப்பினாள். வேலியோரச் செம்பருத்தி பூத்துக் குலுங்கியது. அவனோ செடியில் ஒரு பூவும் இல்லை என்று வெறுங்கையோடு திரும்பினான்.

விளையாடுகிறான் என்று நினைத்து, போர்வையோடு எழுந்து போய் அவன் கையைப் பிடித்துப் பூவின் மேல் வைத்தாள். தொட்ட பிறகுதான் அவன் கண் அதைக் கண்டுபிடித்தது.

"இலையும் பூவும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது அம்மிணி. சின்னதிலிருந்தே அப்படித்தான். சொன்னாச் சிரிப்பாங்கன்னு சொல்லலை."

மிளகு பறிக்கும்போது பழுத்தது எது, காய் எது என்று தெரியாமல் அவன் ஊராரிடம் வாங்கிய பேச்சுகளெல்லாம் அவளுக்கு நினைவு வந்தன. கவனமில்லாதவன் என்று அவளும் கூடத் திட்டியிருக்கிறாள். அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மலைமேல் சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்தில் கவிதா என்பவரின் நர்சரியில் அம்சவேணிக்கு வேலை. கவிதா செம்பருத்தியில் புது ரகங்கள் உண்டாக்குகிறவர். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டுவது அம்சவேணியின் காலை வேலை. அங்கே ஊதா நிறத்தில் பூக்கும் ஒரு செடி இருந்தது. மலைப் பனி தாங்காமல் மொட்டுகளை உதிர்த்துவிடும். அதன் மகரந்தத்தைக் கேட்டு வாங்கி, பனிக்கும் மழைக்கும் அசையாத தன் வேலிச் செம்பருத்தியில் தடவினாள். எதற்கென்று வீட்டில் சொல்லவில்லை.

முப்பத்தொரு விதை கிடைத்தது. முளைத்தவை பத்தொன்பது. பூக்க ஒன்றரை வருடம் ஆனது. முக்கால்வாசி தாயைப் போலவே சிவப்பு. ஒன்று மட்டும் உள்ளங்கை அகலத்தில், முட்டைக்கரு மஞ்சளில் பூத்தது. பார்க்க வந்த கவிதா அதை விட்டு நகரவே இல்லை. ஓரத்தில் நின்ற ஒரு செடி துணி அலசிய தண்ணீர்போல மங்கலாகப் பூத்திருந்தது. இடத்தை அடைக்கிறதே, பிடுங்கிவிடலாம் என்று அம்சவேணி முடிவு செய்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லமுத்துவை வாசலில், செடிகளுக்குப் பத்தடி தள்ளி நிறுத்தினாள்.

"ஏனுங்க, இங்கிருந்து பார்த்துச் சொல்லுங்க. பூ ஏதாச்சும் தெரியுதா?"

அவன் பார்வை மஞ்சள் பூவைத் தாண்டிப் போனது. இரண்டு வருடம் வீணாகிப் போனது என்று அவள் நினைத்த நேரத்தில் அவன் கை நீண்டது.

"அங்க, ஓரத்துல. ரெண்டு பூ இருக்குது. இங்கிருந்தே நல்லாத் தெரியுது."

அவன் காட்டியது அந்த மங்கல் பூவை. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். மங்கலுக்குள் லேசாக நீலம் ஓடியிருந்தது. அதை அவள் இதுவரை கவனித்ததே இல்லை. என்ன நிறமாகத் தெரிகிறது என்று கேட்டாள்.

அவனும் கிட்டே வந்து பூவையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தான். "பேரு சொல்லத் தெரியலை. இலை மாதிரி இல்லை. அவ்வளவுதான் தெரியும்."

அம்சவேணிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் அவனுக்கான பூவைத் தன் கண்ணாலேயே தேடிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தாள். இவ்வளவும் எதற்காகச் செய்தாள் என்பதை அப்போதுதான் அவனிடம் சொன்னாள். அவன் தலை குனிந்துகொண்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்தான்.

மஞ்சள் செடியைக் கவிதாவிடமே கொடுத்துவிட்டாள். மங்கல் செடியிலிருந்து ஆறு குச்சி வெட்டி, வீட்டுக்கு வரும் பாதையோரம் நட்டாள். நான்கு பிடித்தன.

அவை மொட்டு விட்ட மாதத்தில் ஒரு நாள் விடிந்ததும் எழுந்து வெளியே வந்தாள். செல்லமுத்து பனியில் நனைந்தபடி செடியருகே குந்தியிருந்தான்.

"நாளைக்கு இந்த மொட்டு ரெண்டும் விரியும்" என்றான். "மகரந்தம் எப்படித் தடவுறதுன்னு எனக்கும் காட்டு அம்மிணி."