பின்சீட்டுக் கனம்

சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு காருக்கு அடியில் மல்லாந்து ஊர்ந்துபோனாள் மகள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"காத்துக் கசிவு இருந்தா காட்டு. எழுந்து வந்து சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டாள் அம்மா. நேற்றிலிருந்து அவளுக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஷெட் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தப் பழைய காரையே பார்த்தபடி இருந்தாள். நெஞ்சுவலியில் அப்பா உயிரை விட்டது அதன் பின்சீட்டில்தான்.

பின்பக்கத்துக் காற்று ஷாக் அப்சார்பர்கள் அப்பாவே மாட்டியவை. ஆள் ஏறினால் வண்டி தாழும். உடனே ஒரு சின்ன மோட்டார் ஓடிக் காற்றை ஏற்றி, வண்டியைப் பழைய உயரத்துக்குத் தூக்கிவிடும். ஆள் இறங்கினால் ஏற்றிய காற்றை வெளியே விட்டுவிடும். இன்று ஆளே ஏறாமல் அது விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அவர்தான் ஏறி உக்காந்திருக்காரு" என்றாள் அம்மா.

"காத்து கசியுதும்மா. பேட்டரி வயரைப் பிடுங்கிட்டா கப்சிப்னு ஆயிடும்" என்றான் அண்ணன்.

"எங்க, பிடுங்கு பாக்கலாம்."

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். பெரிய வீரன்தான்!

மகள் குழாய் இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். கசிந்தால் குமிழி கிளம்ப வேண்டும். மறுபடியும் தடவிப் பார்த்தாள். ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

சட்டென்று வண்டி தாழ்ந்தது. கசிவென்றால் மெல்லத்தான் இறங்கும். இது ஆள் ஏறுகிற தாழ்வு, அப்பாவின் கனம். மோட்டார் உறுமியது.

"பாத்தியா, வந்துட்டாரு!" என்றாள் அம்மா.

அடியில் ஆள் இருந்தால் வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. அப்பாவின் கார் பட்டறையில் அது அவர் போட்ட சட்டம். மகளின் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது. சத்தம் வரவில்லை, வெறும் மூச்சுதான்.

"அப்பா, கீழ நான் இருக்கேன். இறங்குங்க."

வண்டி விருட்டென்று எழும்பியது. மோட்டார் நின்றது. மிச்சக் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. பிறகு எவ்வளவு நேரம் காத்தும் ஒரு சத்தமும் இல்லை.

அம்மாதான் கேட்டாள். "என்னடி, கசிவுதானா?"

"ஆமாம்மா. சரி பண்ணிட்டேன்."

நாற்காலி நகர்ந்தது. "சரி, வா. சாப்பிடலாம்."

"நீ போம்மா. கை கழுவிட்டு வரேன்."

இருவரும் வீட்டுக்குள் போன பிறகு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"நான் வெளிய வந்துட்டேம்பா."

வண்டி அசையவில்லை. வீட்டுக்குள் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டான். அவள் கதவைச் சாத்தவில்லை.