சில்லிட்ட வால்கள்

நல்ல செய்தி வந்தால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அன்று காலை ஆய்வகத்தில் அளவுகளைத் திரையில் பார்த்ததும் நாற்காலி உருண்டோட எழுந்து, பக்கத்து அறைவரை கேட்கும்படி கத்திவிட்டேன்.

எங்கள் எலிகள் மாதக்கணக்கில் கொழுப்புத் தீனி தின்று பூசணிக்காயாகியிருந்தன. ரத்த அழுத்தமும் எகிறியிருந்தது. எல்லோரும் எடையைக் குறை சொன்னார்கள். நான் மூளையைச் சந்தேகப்பட்டேன். கொழுப்பு மூளையின் அடிப்பகுதியில் அழற்சியை மூட்டிவிடுகிறது, அந்த எரிச்சல் ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்லி நரம்புகளை ஓயாமல் விரட்டுகிறது என்பது என் கட்சி. பாதி எலிகளுக்கு அந்த அழற்சியைத் தணிக்கும் மருந்தை ஊசியில் கொடுத்தோம். தீனி மாறவில்லை, எடையும் குறையவில்லை. அழுத்தம் மட்டும் இறங்கியிருந்தது. மறுநாள் இயக்குநரிடம் காட்ட வேண்டும், தேறாவிட்டால் ஆய்வையே மூடிவிடுவார்.

என் கணவருக்கும் அங்கேதான் வேலை, புள்ளிவிவரம் பார்ப்பவர். நான் வைத்த பெயர் சந்தேகராசா. வெண்ணெய் என்றால் உயிர். வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் அவருடைய அழுத்தம் மசியவில்லை. ஓடிவந்து என்னோடு குதிப்பார் என்று பார்த்தால், மருந்து எலிகளின் கூண்டுகள் அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கேட்டார்.

கீழ்த்தட்டில். ஊசி போட வசதி என்று நான்தான் வைத்தேன். ஏசி காற்று நேராக அங்கேதான் அடிக்கிறது. எலிக்கு வாலில் பட்டை சுற்றித்தான் அழுத்தம் அளப்போம். வால் சில்லிட்டால் அங்கே ரத்த ஓட்டம் சுருங்கி, அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

"நான் ஒரு நாள் சந்தோஷமா இருந்தா உங்களுக்குப் பொறுக்காதா?" என்று எரிந்து விழுந்தேன்.

"உன்னைவிட நான்தான் அதிகமா ஆசைப்படறேன். அதனாலதான் என்னால நம்ப முடியல," என்றார்.

அதற்குமேல் என்ன சண்டை போடுவது? எல்லாக் கூண்டுகளையும் ஒரே தட்டுக்கு மாற்றினோம். வாலைச் சூடாக்கி, எலி அடங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாக அளந்தோம். எது மருந்து எலி என்று தெரிந்தால் என் மனம் ஒரு பக்கம் சாயும் என்று கூண்டுச் சீட்டுகளை மறைத்துவிட்டார். நான் அளவைச் சொல்ல, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு குறித்தார். கடைசி எலி முடிந்ததும் சீட்டுகளைப் பார்த்து, மருந்து எலிகளையும் மற்றவற்றையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து கூட்டினார். பொறுக்க முடியாமல் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

கண் கலங்கியிருந்தது. "எறங்கித்தான் இருக்கு," என்றார்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் அவரைக் கட்டிக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகுதான் பயம் வந்தது. மனிதருக்கு இது பலிக்குமா என்று தெரியவே இன்னும் எத்தனையோ வருடம் ஆகும்.

"இது எலிக்குத்தான்," என்றேன், சொல்ல மனமே இல்லாமல்.

"தெரியும். இத்தனை வருஷமா எல்லாரும் என் வாயைத்தான் திட்டினாங்க. உள்ள என்ன எரியுதுன்னு நீ ஒருத்திதான் பார்த்த."