யுகேந்திரன் பேர்ல உபயம்

எங்க ஊரு பாச்சாங் அம்மன் கோயில் திருவிழாவுல ஒரு நாள் உபயம் எங்க குடும்பத்துக்கு. அன்னைக்கு அபிஷேகம், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு. யாரு பேர்ல செய்றோமோ அந்தப் பேரை மைக்குல வாசிப்பாங்க. இந்த வருஷம் என் மகன் யுகேந்திரன் பேர்ல. ராணுவத்துல கோப்ரல். ஐநா படையோட லெபனான் போயிருக்கான்.

கோயில் தலைவர் நாகமுத்து அண்ணன் என்னைக் கூப்பிட்டாரு. "பாக்கியம், பேரை மட்டும் வாசிக்கிறோம். ஆர்மி, லெபனான்லாம் வேணாம்லா. அடுத்தவன் சண்டையில நம்ம ஆளுங்க போய் நின்னா, அவனுங்க கோபம் இங்கதான் திரும்பும். வேலியில போற ஓணானை வேட்டிக்குள்ள விட்ட கதைதான். அவ்வளவு கூட்டத்துல ஒருத்தன் பையை வச்சிட்டுப் போனா?"

எனக்குச் சுருக்குனு கோபம் வந்துச்சு. "அவன் சண்டை போடப் போகலண்ணே. சண்டை வராம பார்த்துக்கப் போயிருக்கான்."

"குண்டு வைக்கிறவன் அதைக் கேட்டுட்டா வைப்பான்?"

மனுஷன் சொன்னதுல நியாயம் இருந்துச்சு. அதான் இன்னும் எரிச்சல்.

மகன் போன் பண்ணப்போ சொன்னேன். அவனும் அவர் பக்கமே சாய்ஞ்சுட்டான். "விடும்மா. நான் இங்க நிக்கிறதால உங்களுக்கு அங்க ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமாடா? பயம் எனக்கும் இருக்கு. அதுக்காக உன்னை ஒளிச்சு வைக்க மாட்டேன்" னு சொல்லிட்டேன்.

மறுநாள் அண்ணன் முன்னால போய் நின்னேன். "ஆபத்து வரும்னு சொல்றீங்க. வரலாம். வந்தா வாசல் வழியாத்தான் வரணும். வாசலை நான் பார்த்துக்கிறேன், நீங்க முழுசா வாசிங்க."

"நீயா?"

"நான் வேலை செய்ற குருபோங் பேக்டரி கேட்டுல தினமும் என் பையைத் திறந்து பார்க்கிறாங்கண்ணே. அதுல என்ன கஷ்டம்?"

அவரு தலையைச் சொறிஞ்சாரு. கடைசியில சரின்னாரு.

உபயத்தன்னைக்குப் பட்டுப்புடவையோட வாசல்ல மேசை போட்டு நின்னேன். தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லார் பையையும் திறக்கச் சொன்னேன். "ரொம்பத்தான் பண்றா" ன்னு சிலர் முனகினாங்க. முனகட்டும். தலைவர் பொஞ்சாதி அர்ச்சனைத் தட்டோட வந்தாங்க. அவங்க கைப்பையையும்தான் திறந்தேன்.

உள்ளேருந்து அண்ணன் குரல் கேட்டுச்சு. "லெபனானில் அமைதிப் படையில் பணிபுரியும் கோப்ரல் யுகேந்திரன்..."

"உள்ள போம்மா, உன் மகன் பேர்ல அபிஷேகம் ஆரம்பிச்சாச்சு" ன்னு யாரோ சொன்னாங்க.

ஜனம் இன்னும் வந்துகிட்டே இருந்துச்சு. நான் அபிஷேகத்தைப் பார்க்கல. அடுத்த ஆளைக் கூப்பிட்டு, பையைத் திறங்கன்னு சொன்னேன்.