பார்ன்வெலின் சாப்பாட்டு ஜோசியம்

டெட்ராய்ட் விமான நிலைய வாசலில் வேனை நிறுத்தியபோது இரண்டு பேரும் ஒன்றாகவே வெளியே வந்தார்கள். க்ளியோட்டிஸ் பார்ன்வெலும் ஹார்லன் டப்ஸும் ஒரே வேலைக்குப் போட்டியாளர்கள். தனித்தனியாக, ரகசியமாக அழைத்து வருவதுதான் மரியாதை. எங்கள் அணியின் அலுவலகம் ஒரே விமானத்தில் சீட்டுப் போட்டு ஒரே வேனையும் அனுப்பியிருந்தது. அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவு வீட்டுக்குச் சாவு வீடு சந்தித்துக்கொள்ளும் பங்காளிகள் மாதிரி, நேர்காணலுக்கு நேர்காணல் சந்தித்துக்கொள்கிறவர்கள்.

"என்ன க்ளியோ, அதே சூட்டா?"

"அதிர்ஷ்ட சூட்டுடா."

"எட்டு எடத்துல தோத்த சூட்டுக்கு அதிர்ஷ்டமாம்!"

விதி சுலபமானது. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றில் தலைமைப் பயிற்சியாளர் வேலை காலியானால், சிறுபான்மையினர் இரண்டு பேரையாவது வெளியிலிருந்து நேரில் வரவழைத்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். வேலை கொடுக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. மைதானத்தில் ஓடி முட்டி உடைத்துக்கொள்கிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள், ஓரத்தில் நின்று கத்துகிற பயிற்சியாளர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். வேன் ஓட்டும் வேலைக்கு மட்டும் என்னையும் இவர்களையும் போன்ற கறுப்பர்களை எடுக்க எந்த விதியும் தேவைப்பட்டதில்லை. எங்கள் முதலாளி க்ரிம்ஷா முப்பத்து நான்கு வயது வெள்ளைக்காரன் ஒருவனை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். எங்கள் அணி இருக்கும் டொலிடோவில் அவன் மனைவிக்கு வாடகை வீடு காட்ட மூன்று நாள் வேன் ஓட்டியது நான்தான். அடுப்படி சின்னது என்று இரண்டு வீட்டை வேண்டாம் என்றாள்.

இதை நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"பந்தி முடிஞ்சப்புறம் எல போட்டு உக்கார வைக்கிற விதிடா இது" என்றார் டப்ஸ். "நாம வர்றதாலதான் இவனுங்க அபராதம் கட்டாம தப்பிக்கிறானுங்க. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், எவனும் போகாம வீட்ல உக்காரணும். அப்பத் தெரியும்."

"விதி இல்லாத காலத்தையும் பாத்தவன்டா நான். அப்ப எலயே கெடையாது."

"இப்ப எல இருக்கு. சோறு எங்க?"

"எல இருந்தாத்தான சோறு விழும்?" என்ற பார்ன்வெல் முன்னால் சாய்ந்து என் தோளைத் தட்டினார். "நீ சொல்லு தம்பி."

"நான் வண்டி ஓட்டுறேன் கோச்" என்றேன்.

பார்ன்வெலுக்கு ஐம்பத்தேழு வயது. பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இருபத்தாறு வருடமாகப் பயிற்சி கொடுப்பவர். எட்டு நேர்காணல்களில் அவர் கண்டுபிடித்தது ஒரு சாப்பாட்டு ஜோசியம். மதியம் பீங்கான் தட்டில் ஸ்டேக், அதாவது சுட்ட மாட்டிறைச்சித் துண்டு, வந்தால் கதை முடிந்தது, அது விருந்தாளிக்குப் போடுகிற சோறு. காகிதத்தில் சுற்றிய சாண்ட்விச் வந்தால் நிஜம். வேலை பேசுகிறவனுக்குக் கத்தியும் முள்ளும் பிடிக்க நேரம் இருக்காது. எட்டு இடத்திலும் அவருக்கு ஸ்டேக்தான். ஒன்பதாவதிலும் ஸ்டேக் என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அலபாமாவுக்கே வந்துவிடுவதாக மனைவி லவோனிடம் சத்தியம் செய்திருந்தார். அவள் அங்கே தம்பியின் பூச்சி மருந்து அடிக்கும் தொழிலில் பங்கு வாங்கி வைத்துவிட்டாள்.

"கரப்பான்பூச்சிக்கெல்லாம் நீதான்டா தலைமைப் பயிற்சியாளர்" என்றார் டப்ஸ். பார்ன்வெலும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

அணி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததும் முதலில் உள்ளே போன டப்ஸ் நாற்பது நிமிடத்தில் திரும்பினார். "கோப்பையெல்லாம் காட்டினானுங்க. மொத்தமே ஒண்ணுதான் இருக்கு, அதுக்கு எதுக்குடா அவ்ளோ பெரிய அலமாரி?" அடுத்து பார்ன்வெல் போனார். பதினொன்றரைக்கு அணி மேலாளர் என்னிடம் ஒரு சீட்டு கொடுத்தார். ஆற்றங்கரைக் கடையிலிருந்து நான்கு ஸ்டேக். டப்ஸும் வேனில் ஏறிக்கொண்டார். சீட்டைப் பார்த்துவிட்டு, "போச்சு, பூச்சி மருந்துதான்" என்றார்.

ஆற்றங்கரையில் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மின்கம்பி அறுந்து தெருக் கடைகளெல்லாம் இருட்டாகக் கிடந்தன. ஸ்டேக் கடைக்காரன் வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். நான் இரக்கப்பட்டு எதுவும் செய்யவில்லை. கடை மூடியிருந்தது, அவ்வளவுதான். பெட்ரோல் நிலையத்துப் பக்கத்துக் கடையில் நான்கு மாட்டிறைச்சி சாண்ட்விச் வாங்கினேன். கடுகு சாஸ் தாராளமாக வழிந்தது. மேலாளரிடம் வாசலுக்கு வெளியிலேயே விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுளித்துவிட்டு, "உள்ள வை" என்றார்.

உள்ளே பார்ன்வெல், காலை முதல் சொல்லிச் சலித்த பதில்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் உயிர் இல்லை. நான் பையைப் பிரித்து காகிதப் பொட்டலங்களை மேசையில் வைத்தேன். பேச்சு நின்றது. அவர் பொட்டலத்தைப் பார்த்தார், க்ரிம்ஷாவைப் பார்த்தார், மறுபடி பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு அதிர்ஷ்டக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"போன வருஷம் பாயிண்ட் எடுக்குற கோட்டுக்கு ரெண்டடி முன்னால வந்து பதினோரு தடவ தோத்தீங்க. ஏன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அந்தத் தொனியில் முதலாளியிடம் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

இரண்டு மணிக்கு முடிய வேண்டியது ஐந்தானது. டப்ஸ் வேனில் தூங்கி எழுந்து, மூன்று தடவை கடிகாரம் பார்த்தார். பார்ன்வெல் டையில் கடுகுக் கறையோடு வந்து ஏறினார். அறையை ஒழிக்கச் சொன்னதால் நான் உள்ளே போய்க் காகிதங்களைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் திணித்துவிட்டு வந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். வேனுக்கு நேரே, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், அந்த அறை வெளிச்சமாகத் தெரிந்தது.

"சாண்ட்விச்சுடா ஹார்லன்" என்றார் பார்ன்வெல்.

டப்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பார்ன்வெல் என்னைப் பார்த்தார். "தம்பி. அது அவங்க சொன்னதா, நீயா வாங்குனதா?"

"ஸ்டேக்தான் சொன்னாங்க கோச். கரண்ட் போயி கடை மூடியிருந்துச்சு."

டப்ஸ் இப்போது கண்ணில் நீர் வரச் சிரித்தார். பார்ன்வெல் டையிலிருந்த கடுகுக் கறையை நகத்தால் சுரண்டினார். லவோனின் பெயர் போனில் ஒளிர்ந்து அணைந்தது. அவர் எடுக்கவில்லை.

அப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் க்ரிம்ஷா அறைக்குள் ஓடி வந்தார். மேசையைப் பார்த்தார், நாற்காலிக்கு அடியில் பார்த்தார். பிறகு எழுபத்து மூன்று வயது முதலாளி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டார்.

"என்னத்தத் தேடுறான்?" என்றார் டப்ஸ்.

"சாண்ட்விச் காகிதம். அதுலதான் யாரு எங்க ஓடணும்னு கடுக வச்சு வரைஞ்சு காட்டினேன்."

க்ரிம்ஷா கசங்கிய தாளை எடுத்து, உதறி, கண்ணாடியில் வைத்து உள்ளங்கையால் நீவினார். மேலாளரும் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தலைகீழா வச்சிருக்கான்" என்று பார்ன்வெல் கதவுப் பிடியில் கை வைத்தார்.

"எறங்காத. கூப்பிடட்டும்" என்றார் டப்ஸ்.

"தப்பாப் பாத்துட்டுக் குப்பைனு நெனப்பான்டா."

"நெனைக்கட்டும். கூப்பிட்டாத்தான் போகணும் க்ளியோ. இந்தத் தடவையாவது."

பிடி ஒரு முறை அசைந்து நின்றது. அந்த வேனில் அவர்கள் பக்கக் கதவின் பூட்டை விடுவிக்கும் பொத்தான் ஓட்டுநர் பக்கம்தான் இருக்கிறது. என் விரல் அதன் மேல் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் க்ரிம்ஷா தாளை ஒரு முறை திருப்பினார். இன்னும் தப்பாகத்தான் இருந்தது.