நாற்காலி நாடகம்

லிஃப்ட்காரர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் கை கழுவுவார், அடுத்தது வைன் பாட்டிலைத் திறப்பார். கை கழுவத்தான் அதிக நேரம் ஆகும். நாள் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் கம்பிகளோடு மல்லுக்கட்டுகிற மனிதர். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் லேசில் போகாது. சோப்புப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டுவிட்டு வந்தால், மேசையில் இரண்டு கோப்பைகள் தயாராக இருக்கும். வைத்தவள் அவர் மனைவி. கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து ஊரார் கண்களைப் பரிசோதித்துவிட்டு அவருக்குச் சற்று முன்னால் வீடு திரும்பியவள்.

ஆளுக்கு ஒரு கோப்பை. பேச்சு சூடுபிடித்தால் இன்னொன்று. பேச்சு எந்த நாள்தான் சூடுபிடிக்கவில்லை?

இதைக் குடி என்று யாராவது சொன்னால் லிஃப்ட்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குடிகாரன் என்றால் தெருவில் விழுந்து கிடப்பவன், பெண்டாட்டியை அடிப்பவன், சம்பளத்தைத் தொலைப்பவன். இந்த வீட்டில் அப்படி என்ன நடந்துவிட்டது? சமையல் நேரத்துக்கு ஆகிறது. பள்ளிச் சீருடை இஸ்திரி போட்டுத் தொங்குகிறது, அதுவும் அவர் கையால். புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் அதட்டிப் பேசியதே அபூர்வம். சொல்லப்போனால் அந்த முதல் கோப்பைக்குப் பிறகு அவரைப் போல ஒரு தமாஷான அப்பாவை எங்கே தேடினாலும் கிடைக்காது. இதில் பொய்யும் இல்லை.

அதற்கு அவரிடம் ஒரு அத்தாட்சி வேறு இருந்தது. அதுதான் மிளகின் நாற்காலி நாடகம்.

மிளகு அவர்களுடைய ஒரே மகள். நான்காம் வகுப்பு. ஆள் சிறிசு, காரம் பெரிசு என்று சித்தி வைத்த செல்லப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், கோப்பையும் கையுமாக இருந்த அப்பா அம்மா முன்னால் வந்து நின்று, "நான் ஒண்ணு காட்டட்டுமா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் சாப்பாட்டு மேசை நாற்காலிகளை இழுத்து வந்து கூடத்தில் வட்டமாகப் போட்டாள். நடுவில் தன்னுடைய குட்டி நாற்காலி. பிறகு பெரிய நாற்காலி ஒன்றைப் பிடித்து, தரையில் 'டர்ர்ர்' என்று தேய்த்து, அதன் முதுகு நடுவைப் பார்க்கும்படி திருப்பினாள். அடுத்து இன்னொன்று. ஒவ்வொன்றைத் திருப்பும்போதும் ஒரு முகம்: ஒன்றுக்கு முறைப்பு, ஒன்றுக்கு உதட்டுச் சுழிப்பு, ஒன்றுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு 'ச்சீ'. எல்லாவற்றையும் திருப்பிவிட்டு நடுவில் போய் உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உம்மென்று இருந்தாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மனைவிக்கும்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். "ஒன்ஸ் மோர்!" என்று அவர் கை தட்டினார். மிளகு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து காட்டினாள்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் நாற்காலி நாடகம் உண்டு. மிளகும் மறுக்காமல் நடிப்பாள். முடிந்ததும் லிஃப்ட்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "குடிச்சுக் கெட்டுப்போற வீட்ல இப்படி ஒரு சிரிப்பு கேக்குமா?" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்திருந்தாள். மனைவியின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸ், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் இது வேணுமா?"

"நீ தினமும் காபி குடிக்கிறியே, அது வேணுமா?"

"காபி குடிச்சிட்டு நான் வண்டி ஓட்டுவேன். இப்ப மிளகுக்குத் திடீர்னு ஏதாவதுன்னா வண்டிய யார் எடுப்பீங்க?"

"டாக்ஸிக்காரர் எடுப்பாரு."

"கேலி பண்ணாதீங்க. பிள்ளை தினமும் பார்த்துக்கிட்டே இருக்கா."

"பார்க்கட்டுமே! சந்தோஷமா இருக்கிற அப்பா அம்மாவைத்தானே பார்க்கிறா? மிளகு! இங்க வாடா தங்கம். சித்திக்கு அந்த நாற்காலி நாடகத்தக் காட்டு."

மிளகு வந்தாள், நாற்காலிகளை இழுத்தாள், திருப்பினாள், உம்மென்று உட்கார்ந்தாள். மச்சினிகூடச் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் இருந்தது மனைவி மட்டும்தான். முந்தின நாள்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தாள். மாத்திரை முடிகிறவரை வைனைத் தொடக் கூடாது என்று பல் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு டம்ளர் தண்ணீரோடு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தங்கை கிளம்பிப் போனதும் பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி சொன்னாள்.

"கடைக்குச் சில பேர் வருவாங்க. கண்ணு சரியில்லன்னா வேலை போயிடுமோன்னு பயம். எனக்குத் தெரியாம பலகையில இருக்கிற எழுத்த மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிப்பாங்க. எனக்கு உடனே தெரிஞ்சிடும். அவங்க பலகையப் பார்க்கவே மாட்டாங்க, சரியா சொல்றோமான்னு என் முகத்தையே பார்ப்பாங்க. இன்னைக்கு மிளகு அப்படித்தான் இருந்தா. நம்ம முகத்தையே பார்த்தா. நாம சிரிக்கிறோமான்னு பார்த்தா."

"பல்வலியில உனக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்," என்றார் லிஃப்ட்காரர், துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தபடி.

மறுநாள் திங்கட்கிழமை காலை. பள்ளியில் நகம் பார்க்கிற நாள். மனைவி மகளை மடியில் சாய்த்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் பக்கத்தில் அவளுடைய மாற்றுச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி மனைவி சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால், ஒரே போடாகக் கேட்டுவிட்டார்.

"மிளகு, சாயங்காலம் நாங்க வைன் குடிக்கிறது உனக்குப் பிடிக்கலையா?"

"பரவாயில்லப்பா."

"பார்த்தியா!" என்று மனைவியைப் பார்த்தார்.

"அப்படிக் கேட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்றாள் அவள் நகவெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கேட்கிற விதமே வேறு. கடையில் அவள் வேலை செய்வதை அவர் ஒருமுறை ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். கண் நன்றாகத் தெரிகிறதா என்று ஒருநாளும் கேட்க மாட்டாள். ஒரு வில்லையைப் போட்டு, இன்னொன்றை மாற்றி, "இதுவா, அதுவா?" என்று மட்டும் கேட்பாள். சலிப்பே கிடையாது. ரெண்டும் ஒண்ணுதான் என்று மழுப்புகிறவர்களிடமும் கடைசியில் உண்மையை வாங்கிவிடுவாள். இவளைக் கட்டிக்கொள்ள நாம் என்ன தவம் செய்தோமோ என்று அன்று நினைத்துக்கொண்டார்.

"பென்சில் பாக்ஸ் தொலைஞ்சிடுச்சுன்னு வை. எங்ககிட்ட காலையில சொல்லுவியா, சாயங்காலமா?" என்று மகளைக் கேட்டாள்.

"சாயங்காலம். அப்பதான் திட்ட மாட்டீங்க."

லிஃப்ட்காரர் வாய்க்குள் சிரித்துக்கொண்டார். கள்ளி!

"போட்டில பரிசு வாங்கினா?"

"சாயங்காலம். அப்பா தூக்கிச் சுத்துவாங்க."

"வயித்து வலின்னா?"

"காலையில."

"வகுப்புல யாராவது உன்ன அழ வச்சிட்டா?"

"காலையில," என்றாள் மிளகு. பிறகு, "ஆனா காலையில உங்களுக்கு நேரம் இருக்காதும்மா. அதனால சொல்றதில்ல," என்றாள்.

"சாயங்காலம் சொல்லலாமே?"

"சாயங்காலம் சொன்னா காமெடி ஆயிடும். நாற்காலி மாதிரி."

லிஃப்ட்காரர் கை அப்படியே நின்றுவிட்டது. காலர் தீய்கிற வாசனை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார்.

மனைவி முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பதறவில்லை, மகளைக் கட்டிப்பிடித்து ஊரைக் கூட்டவுமில்லை. அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் பேசுகிற குரலிலேயே கேட்டாள்.

"அந்த நாற்காலி விஷயம் நிஜமா நடந்ததா?"

"ம்."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"அதான் காட்டினேனே," என்றாள் மிளகு. அம்மாவுக்கு ஏன் இது புரியவில்லை என்பது போலப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க. அதான் விட்டுட்டேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. பையை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் மனைவி, "இன்னைக்கு மறுபடி ஒரு தடவை காட்டுறியா? சாயங்காலம்?" என்றாள்.

"சாயங்காலமா?" மிளகு தயங்கினாள்.

"சாயங்காலம்தான்."

அன்றைக்கு லிஃப்ட்காரருக்கு வேலையில் கை ஓடவில்லை. குழிக்குள் இறங்கி நின்றபோது முதலில் கோபம்தான் வந்தது. சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது, அதற்கு வைன் என்ன செய்யும், காபி குடித்திருந்தாலும் சிரித்திருப்போம் என்று தனக்குத் தானே வாதாடினார். வாதத்தில் ஜெயித்தும்விட்டார். ஆனால் அவருடைய 'ஒன்ஸ் மோர்' அந்தக் குழிக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மேலே ஓடுகிற கம்பியில் மெல்லிசாக ஒரு கிரீச் கேட்டால் எந்தச் சக்கரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர் அவர். வீட்டுக் கூடத்தில் அத்தனை நாற்காலிகள் 'டர்ர்ர்' என்று கத்தியபோது ஒன்றுமே காதில் விழவில்லை. சிரித்த சிரிப்பு மட்டும் நினைவிருந்தது. ஒருமுறை காட்டியது போதாதென்று இன்னொரு முறை காட்டச் சொன்னவனும் நான்தான் என்று நினைத்துக்கொண்டார். அந்த அழுக்குக் குழியில் சுவரில் சாய்ந்து நின்று அழுதார்.

சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்தார். உண்மையைச் சொன்னால், என்றைக்கும் இல்லாதபடி அன்றைக்குத்தான் ஒரு வாய் தேவைப்பட்டது. அலமாரி வரை போன கையை மடக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மேசை வெறுமையாக இருந்தது. மனைவி சோபாவில் காத்திருந்தாள்.

மிளகு அறை வாசலில் நின்று முதலில் மேசையைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவையும் அம்மாவையும் பார்த்தாள். பிறகு நாற்காலிகளை இழுக்கத் தொடங்கினாள்.

அதே முறைப்பு, அதே உதட்டுச் சுழிப்பு, அதே 'ச்சீ'. ஒவ்வொரு நாற்காலி திரும்பியபோதும் லிஃப்ட்காரருக்கு நெஞ்சில் யாரோ உரசியது போல இருந்தது. கடைசியில் அவள் நடுவில் உட்கார்ந்தாள். வழக்கமாகச் சிரிப்பு வருகிற இடம். பழக்கதோஷத்தில் அதற்காகக் காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"இதுக்கப்புறமும் இருக்கு," என்றாள் மெதுவாக. "நீங்க சிரிச்சதும் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சீங்க."

"மீதியையும் காட்டு," என்றாள் மனைவி.

"எங்க வகுப்புல ஒரு பையனுக்குப் பேச்சு திக்கும். அவன் பாடம் படிக்கிறப்ப எல்லாரும் நாற்காலியத் திருப்பிக்கணும்னு லீடர் சொன்னா. எல்லாரும் திருப்பினாங்க. நான் திருப்பல. அதனால மறுநாள் எனக்குத் திருப்பிட்டாங்க." எழுந்து, தன் குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர் ஓரமாகப் போட்டாள். பக்கத்தில் யாரோ இருப்பது போல ஓர் இடம் விட்டு உட்கார்ந்தாள். "அப்ப நான் இப்படி அவன் பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டேன். அவ்வளவுதான். நாடகம் முடிஞ்சிடுச்சு."

இத்தனை மாதமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் லிஃப்ட்காரர் காட்டிச் சிரித்தது தன் மகள் செய்த மிகப் பெரிய காரியத்தை. அந்த வயதில் அவர் இதைச் செய்திருப்பாரா? இப்போதாவது செய்வாரா? இந்தப் பிள்ளை நமக்கு வந்து பிறந்ததே என்று மலைத்துப்போனார். பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்து கண்ணில் முட்டின.

"இப்பவும் உனக்குத் திருப்புறாங்களாம்மா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லம்மா, அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு. ரெண்டு பேர்தான் பேசறதில்ல." மிளகு கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "நான் பண்ணினது சரியான்னு கேக்கத்தான் அன்னைக்குக் காட்டினேன்."

"சரிடா கண்ணு," என்றார் லிஃப்ட்காரர். "ரொம்ப ரொம்பச் சரி."

மிளகு உடனே மகிழ்ந்துவிடவில்லை. கிட்டே வந்து, அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அப்படியே அவள் அம்மா பார்க்கிற பார்வை.

"காலையிலயும் ஞாபகம் இருக்குமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்கு மேல் அன்றைக்கு என்ன சத்தியம் செய்தாலும் செல்லாது என்று அவருக்கே தெரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் வைனைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பாட்டில் அலமாரியில் இருந்தபடி இருந்தது. நாற்காலிகளை மட்டும் இருவருமாகத் தூக்கி, தேய்க்காமல், மேசையைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள்.

காலையில் மிளகு பல் துலக்கிக்கொண்டிருந்தபோது லிஃப்ட்காரர் கையில் அவளுடைய சீருடைச் சட்டையோடு குளியலறை வாசலில் வந்து நின்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"நீ பண்ணினது சரி," என்றார்.

வாய் நிறைய நுரையோடு மிளகு நிமிர்ந்து பார்த்தாள். துப்பிவிட்டு வாயைக்கூடத் துடைக்காமல், "அப்பா, உங்களுக்கு இப்ப நேரம் இருக்கா?" என்று கேட்டாள்.