எந்தப் பக்கம் வெட்டுவது

...கிணறு என்று மட்டும் எழுதியிருக்கக் கூடாது, ஆனால் 'சத்திச்சொட்டுக் கிணறு', அதாவது குவாண்டம் கிணறு, என்று முழுதாக எழுத அந்தப் படிவத்தின் கட்டத்தில் இடமில்லை, இங்கிருந்து வெளியே போக இயக்கம் கொடுக்கும் பாஸை எழுதுகிறவர் அதைச் சத்தமாக வாசித்தார், "என்ன தங்கச்சி, கிணறு படிக்கவோ இங்கிலாந்துக்குப் போறியள்? மல்லாவியிலை இல்லாத கிணறோ?" பக்கத்து மேசையும் சிரித்தது, நான் குனிந்துகொண்டேன், பதில் சொன்னவர் ஆண்டியப்பன் அண்ணை. "சிரிக்காதீங்க ஐயா. இந்த வருசம் மட்டும் நாலு கெணறு வெட்டிப் பாறையில முட்டிக்கிட்டு நிக்கிறேன். எந்தப் பக்கம் வெட்டணும்னு படிச்ச புள்ள வந்து சொல்லட்டுமே." எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்துக் கொட்டில்காரர், கிணறு வெட்டுகிறவர், நான் திரும்பி வருவேன் என்று பிணை நிற்கக் கேட்டதும் உடனே சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தவர். நான் வராவிட்டால் அவருக்கு இனிப் பாஸ் இல்லை, அட்டனில் இருக்கிற தாயை அவர் போய்ப் பார்க்க முடியாது.

என் கிணற்றில் தண்ணீர் இல்லை... இரண்டு குறைகடத்திப் படைகளுக்கு, மெல்லிய அடுக்குகளுக்கு, நடுவில் சில பத்து அணுத் தடிப்பில் இன்னொரு படை, இலத்திரன் அதற்குள் விழுந்தால் இலேசில் ஏறாது, அவ்வளவுதான். அடியில் இருக்கிற பளிங்கை எந்தத் திசையில் வெட்டினார்கள் என்பதில்தான் எல்லாம். சரியாக மட்டமாக வெட்டினால் வந்து விழும் அணுக்கள் அங்கங்கே திட்டாகக் குந்திவிடும், இரண்டு பாகை சரித்து வெட்டினால் மேற்பரப்பில் நுண்ணிய படிகள் உண்டாகும், அணுக்கள் ஓடிப்போய்ப் படியோரத்தில் வரிசையாக ஒட்டும். வேறொரு திசையில் வெட்டினாலோ, இழுபட்டு நிற்கிற படைக்குள் தானாகவே ஒரு மின்புலம் எழும், வெளியிலிருந்து யாரும் கொடுக்காமலே, அதிலிருந்து வரும் ஒளியின் நிறம்கூட மாறும். அப்படியென்றால் அண்ணை சொன்னது பிழையா? எந்தப் பக்கம் வெட்டுவது என்பதுதானே என் படிப்பும்... இல்லை, இப்படி நினைத்துத் தப்ப முடியாது. அந்தப் படைகளை வளர்க்க வெற்றிடம் வேண்டும், அறாத மின்சாரம் வேண்டும், இங்கே விளக்குக்கே எண்ணெய் தேடுகிறோம், இரண்டு வருடம் முடிய நான் எதற்கு வருவேன்? வாயைத் திறந்தால் போதும், அண்ணை, இது தண்ணிக் கிணறு இல்லை, நான் வரமாட்டன்... திறக்கவில்லை. கூச்சம். பள்ளிக்கூடத்திலும் கரும்பலகையைப் பார்த்தே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள்தானே.

அவர் பேனையை இறுக்கிப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார், கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்குமுன் நிமிர்ந்தார்.

"எப்பம்மா திரும்பி வருவீங்க?"

"ரெண்டு வருசத்திலை வந்திடுவன், அண்ணை."

அவர் தலையாட்டிவிட்டுப் புள்ளியை வைத்தார். என் குரல் நடுங்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன், இவ்வளவு தெளிவாக நான் ஒருவரோடும் கதைத்ததில்லை... அப்படியென்றால் இத்தனை நாளும் என்னிடம் இருந்தது கூச்சம்தானா?